தூங்கும்போது எடுத்த படம்

அத்தியாயம் பதினொன்று

போஸ்டர் ஒரு நாள் முன்னாலேயே வந்துவிட்டது.

அப்பா ஸ்டுடியோவின் ஷட்டரைப் பாதிதான் தூக்கியிருந்தார். அதற்குள் குனிந்து நுழைந்த கூரியர்க்காரர் நீளமான அட்டைக் குழாய் ஒன்றைக் கவுண்டரில் வைத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, மறுபடி குனிந்து வெளியே போனார். டிகிரி அந்தக் குழாயின் மூடியைப் பல்லால் கடித்து இழுத்தாள்.

“கத்தரிக்கோல் எதுக்கு இருக்கு?” என்றார் அப்பா.

“அது உங்களுக்குப்பா. எனக்குப் பல்லு இருக்கு.”

குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போய்ப் பட்டத்தோடு திரும்பியவள் என்பதால் அவளுக்கு டிகிரி என்று பெயர். அண்ணன் வைத்தது. பாராட்டா கிண்டலா என்று கேட்டால் அவனுக்கே தெரியாது.

அண்ணன் உள்ளறையிலிருந்து ஈரக் கையோடு ஓடிவந்தான். போஸ்டரை விரித்தார்கள். விரிக்க விரிக்கச் சுருண்டது. ஒரு மூலையில் ஸ்டேப்ளர், ஒரு மூலையில் பசை டப்பா, மற்ற இரண்டு மூலைகளிலும் அப்பாவின் முழங்கைகள்.

படிக்கட்டில் ஒரு பெண் தூங்குகிறாள். தலைக்கு அடியில் அவளுடைய செருப்புகள். ஒரு கை, சக்கரம் உடைந்த பெட்டியின் கைப்பிடிக்குள் நுழைந்திருக்கிறது. சாய்ந்த வெயில் ஒரு கன்னத்தில் மட்டும் விழுந்திருக்கிறது. வாய் லேசாகத் திறந்திருக்கிறது. கீழே பெரிய எழுத்தில் ‘யாருமற்றவள்’. அதற்கும் கீழே, சின்னதாக, அண்ணனின் பெயர்.

வாராவாரம் இந்தத் தொடர் வழியாக இந்த வீட்டுக்குள் வந்து போகிறவர்களுக்கு மற்றது ஞாபகம் இருக்கும். புதிதாக வருகிறவர்களுக்கு நாலு வரி. பத்து வருடமாக இந்தக் கடையில் பாஸ்போர்ட் படம் எடுத்துக்கொண்டிருக்கும் அண்ணன், மதியம் கூட்டம் குறைந்ததும் கேமராவைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக அலைவான். போன மாதம் நூலகத்தின் பக்கவாட்டுப் படியில் எடுத்த படம் இது. நகரப் புகைப்படக் கண்காட்சிக்கு அனுப்பினான், எடுத்துக்கொண்டார்கள். அதோடு நிற்காமல் கண்காட்சியின் போஸ்டருக்கே இதைத்தான் போடப்போகிறோம் என்றார்கள். தலைப்பு கேட்டார்கள். அண்ணனுக்கு வார்த்தை வராது. சாப்பிட்டுக்கொண்டிருந்த டிகிரி இடது கையாலேயே இரண்டே நிமிடத்தில் எழுதிக் கொடுத்தாள். படத்தில் பாதி பலம் தலைப்பில்தான் இருக்கிறது என்று அமைப்பாளர் சொன்னதிலிருந்து அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

“எப்படி இருக்குப்பா?” என்றான் அண்ணன்.

அப்பா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மூக்கு காகிதத்தில் உரசுகிற அளவு குனிந்து பார்த்தார்.

“அந்தம்மா பார்த்துட்டாங்களா?”

“எந்தம்மா?”

“இவங்கதான்.”

கேள்வியில் குத்தல் எதுவும் இல்லை. அது கடைப் பழக்கம். படம் எடுத்ததும் திரையை வாடிக்கையாளர் பக்கம் திருப்பிவிட்டு அப்பா வாயை மூடிக்கொள்வார். அவர்கள் ‘சரி’ என்று சொன்னால்தான் பிரிண்ட். ஒருமுறை ஒருவருக்கு ஒன்பது தடவை எடுத்தார். ஒன்பதாவது படமும் முதல் படமும் ஒன்றுபோலத்தான் இருந்தன.

“அப்பா, இது பாஸ்போர்ட் போட்டோ இல்ல,” என்றான் அண்ணன்.

“அது தெரியுது. ரெண்டு காதும் தெரியலையே.”

“தெருவுல கேட்டுட்டு எடுத்தா அவ்வளவுதான். கேட்ட உடனே முடியைச் சரி பண்ணுவாங்க, சட்டையை இழுத்து விடுவாங்க, பல்லைக் காட்டுவாங்க. உண்மை ஓடிப்போயிடும்.”

“தூங்குறவங்ககிட்ட எப்படிக் கேப்ப? எழுந்ததும் கேட்டிருக்கலாம்னு சொன்னேன்.”

“அதுக்குள்ள வெயில் போயிடுச்சு. நானும் வந்துட்டேன்.”

டிகிரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “எதுக்குப்பா கேக்கணும்? ஒரு பொம்பளை படிக்கட்டுல படுத்துக் கிடக்கிறா. ஊரே பார்த்தும் பார்க்காம தாண்டிப் போகுது. இப்போ பஸ் ஸ்டாப்புல நின்னு பார்க்கட்டும். பார்த்து வெட்கப்படட்டும். அதுக்குத்தான இந்தப் படம்!”

“சரி சரி,” என்றார் அப்பா. “நான் ஒண்ணும் சொல்லலையே. பார்த்துட்டாங்களான்னுதான் கேட்டேன்.”

“நானே காட்டிட்டு வரேன், போதுமா? சந்தோஷப்படுவாங்க.”

அதை நம்பித்தான் சொன்னாள். கண்காட்சிக்குப் போட்ட பிரதிகளில் சின்னதாக ஒன்றை எடுத்து, அடியில் வெள்ளை ஓரத்தில் தலைப்போடு இருந்ததை, நல்ல உறையாகப் பார்த்துப் போட்டுக்கொண்டாள்.

*

நூலகத்தின் பக்கவாட்டுக் கதவை வருடக்கணக்கில் யாரும் திறப்பதில்லை. ஆறு படிகள். மதியம் ஒன்றரைக்கு டிகிரி போனபோது, நாலாவது படியில் அந்தப் பெண் பெட்டியை முட்டியோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஐம்பது வயதுக்குள் இருக்கும். ஈரத் தலையை இறுக்கி வாரியிருந்தாள். சட்டென்று பார்த்தால் வண்டி தாமதமானதால் இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் பயணி என்றுதான் தோன்றும்.

“லைப்ரரி வாசல் அந்தப் பக்கம்மா,” என்றாள்.

“உங்களைப் பார்க்கத்தான் வந்தேன்க்கா.”

பெட்டிக்கார அக்காவின் கை பெட்டியின் கைப்பிடிக்குள் நுழைந்துகொண்டது. “என்னையா? எதுக்கு?”

டிகிரி உறையை நீட்டினாள். அக்கா வாங்கினாள், படத்தை வெளியே எடுத்தாள், பார்த்தாள். திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள். மறுபடி முன்பக்கம்.

“இது நானா?”

“ஆமாக்கா.”

“வாயைத் திறந்துக்கிட்டுத் தூங்குறேன் பாரு! கர்மம்.” சிரித்தாள். முன்பல் ஒன்று பாதி உடைந்திருந்தது. டிகிரியும் சிரித்தாள். நினைத்த மாதிரியே நடக்கிறது என்று நினைத்தாள்.

“இவ்வளவு நல்லாவா தூங்குறேன் நான்?” அக்கா படத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். “நான் தூங்குறதே இல்லன்னு நினைச்சுட்டிருந்தேன்மா. கண்ணு மூடியிருக்கும், காது முழிச்சிருக்கும். அப்படித்தான் நினைப்பு. இதுல பாரு, பச்சைக் குழந்தை மாதிரி கிடக்கிறேன்.”

“எங்கண்ணன் எடுத்ததுக்கா.”

“எங்க நின்னு எடுத்தாரு?”

“இங்கதான். ரெண்டாவது படியில.”

அக்கா ரெண்டாவது படியைப் பார்த்தாள். பிறகு தான் உட்கார்ந்திருந்த இடத்தை. கையை மெதுவாக நீட்டினாள். விரல் நுனிக்கும் அந்தப் படிக்கும் நடுவில் ஒரு சாண்கூட இல்லை.

சிரிப்பு நின்றுவிட்டது.

“கை நீட்டினா தொடலாம். அவ்வளவு பக்கத்துல ஒரு ஆம்பளை வந்து நின்னிருக்கான். எனக்குத் தெரியல.”

“எங்கண்ணன் ரொம்ப நல்லவன்க்கா.”

“அவன் நல்லவனா இருந்ததால படத்தோட போச்சு.”

டிகிரி தலையைக் குனிந்துகொண்டாள். கல்லூரிப் பேச்சுப்போட்டிகளில் எதிரணியை அழ வைத்தவள் அவள்.

அக்காவின் கட்டைவிரல் படத்தின் அடியில் போய் நின்றது. எழுத்துக்கூட்டாமல், சரளமாக வாசித்தாள். “யாருமற்றவள்.” நிமிர்ந்தாள். “இது யார் எழுதினது?”

பொய் சொல்லலாம். அமைப்பாளர் எழுதியது என்று சொல்லலாம். தெருவில் ஓர் ஆட்டோ போய் முடிகிற வரைக்கும் டிகிரி யோசித்தாள்.

“நான்தான்.”

“எனக்கு யாருமில்லன்னு உனக்கு யார் சொன்னா?”

“யாரும் சொல்லலக்கா.”

“எனக்குப் பொண்ணு இருக்கா. நர்சிங் படிக்கிறா, ரெண்டாவது வருஷம். ஹாஸ்டல்ல இருக்கா. ஊசி போட்டா வலிக்கவே வலிக்காதாம், டீச்சரே சொன்னாங்களாம்.” குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் டிகிரிக்குச் சுலபமாக இருந்திருக்கும். “யாருமற்றவளாம். எழுதுறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேனே.”

“தப்புதான்க்கா.”

“சரி விடு. இதை யாரெல்லாம் பார்த்திருக்காங்க?”

டிகிரி கண்காட்சியைச் சொன்னாள். போஸ்டரைச் சொன்னாள். நாளைக்குப் பத்து பஸ் ஸ்டாப்பில் ஒட்டப்போகிறார்கள் என்று சொன்னாள். சொல்லச் சொல்ல அக்காவின் முகம் வெளுத்தது.

“ஆஸ்பத்திரி ஸ்டாப்பு?”

“தெரியலக்கா. மெயின் ரோடு முழுக்க…”

“அவ தினமும் அங்கதான் இறங்குவா.”

பிறகு அக்கா சொன்னது இதுதான். பதினோரு வருடம் ஒரே வீட்டில் தங்கிச் சமைத்தாள். சமையலறைக்குப் பின்னால் ஓர் அறை. மகள் வளர்ந்தது அங்கேதான். ஏழு மாதம் முன்னால் வீட்டை விற்றுவிட்டு அவர்கள் வெளிநாட்டுக்கு, பிள்ளையிடம் போய்விட்டார்கள். வேறு வீட்டில் வேலை கிடைத்துவிட்டது, அங்கே வெளியாட்களை உள்ளே விடமாட்டார்கள் என்று மகளிடம் சொல்லிவைத்திருக்கிறாள். காலையில் ஒரு கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறாள். ராத்திரி பஸ் நிலையத்தில் பெட்டியோடு பயணி மாதிரி உட்கார்ந்திருப்பாள். எந்த வண்டி எத்தனை மணிக்கு என்று தலைகீழாகத் தெரியும். ஒரு வண்டி கிளம்பியதும் அடுத்த வண்டிக்கான பெஞ்சுக்கு மாறிவிடுவாள். உட்கார்ந்தபடி கண்ணயர்ந்தால் காவலாளி எழுப்பிவிடுவார். அதனால் தூக்கம் மதியம்தான். இந்தப் படியில்தான்.

“ஞாயித்துக்கிழமை சாயங்காலம் போன் பண்ணுவா. என்ன சமையல்னு கேப்பா. நானும் ஏதாவது சொல்லுவேன். இன்னும் ஒன்றரை வருஷம்மா. அவ படிச்சு முடிச்சுட்டா போதும். இது தெரிஞ்சதுன்னு வையி, நாளைக்கே படிப்பைத் தூக்கிப் போட்டுட்டு வந்து நிப்பா. அவ அந்த ரகம்.”

டிகிரிக்கு அந்த ரகம் தெரியும். வீட்டில் முதலாவதாகப் படிக்கிறவள் எதை எப்போது தூக்கிப் போடத் தயாராக இருப்பாள் என்று அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

“ஒண்ணுகூட ஒட்ட விடமாட்டோம்க்கா. இன்னைக்கே.”

அக்கா படத்தை உறைக்குள் போட்டு அவளிடமே நீட்டினாள். “இதையும் எடுத்துட்டுப் போயிடு.”

*

ஸ்டுடியோவில் அண்ணன் ஒரு பெரியவருக்குப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். “தாடையை லேசா இறக்குங்க சார். இன்னும் கொஞ்சம். அவ்வளவுதான்.” திரையைத் திருப்பிக் காட்டினான். பெரியவர் பார்த்து, பெருமூச்சு விட்டு, சரி என்றார். அவர் வெளியே போகிற வரைக்கும் டிகிரி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

பிறகு ஒரே மூச்சில் கொட்டினாள்.

அண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்தான். வெள்ளைத் துணிக்கு முன்னால், வாடிக்கையாளர் உட்காரும் ஸ்டூல். “பத்து வருஷம் டிகிரி. பத்து வருஷமா இந்த வெள்ளைத் துணி. தாடையை இறக்கு, காதைக் காட்டு, சிரிக்காத. முதல் தடவையா நான் எடுத்த படத்துக்குக் கீழ என் பேரு. ஒரே ஒரு படம்.”

“எனக்குத் தெரியாதா?”

“தெரிஞ்சும் சொல்ற.”

“தெரிஞ்சுதான் சொல்றேன். தப்புல பாதி என்னுது. தலைப்பு வெச்சது நான். மீதிப் பாதியை நீ எடுத்துக்க.”

அண்ணன் முகத்தைத் தேய்த்துக்கொண்டான். பிறகு ஏதோ பிடி கிடைத்த மாதிரி எழுந்தான். “முகத்தை மாத்திட்டா? அப்பா! நீங்க மூக்கு, தாடை எல்லாம் மாத்துவீங்கல்ல? பெத்த பொண்ணுக்கே தெரியாத மாதிரி பண்ண முடியுமா?”

கம்ப்யூட்டருக்கு முன்னால் யாருடைய மருவையோ அழித்துக்கொண்டிருந்த அப்பா திரும்பினார். முடியுமா என்று யாராவது கேட்டுவிட்டால் அவருக்கு இருப்புக்கொள்ளாது. “முடியுமாவா? பத்து நிமிஷம்.”

பத்து நிமிடத்தில் மூக்கு கூர்மையானது. புருவம் மேலேறியது. கன்னத்துக் குழி தூர்ந்தது. உதடுகள் மூடிக்கொண்டன. அப்பா நாற்காலியைப் பின்னால் தள்ளித் தலையைச் சாய்த்துப் பார்த்தார். “நல்லா வந்திருக்குல்ல? இன்னும் கொஞ்ச நேரம் குடுத்தா சிரிக்கவே வெச்சுடுவேன்.”

திரையில் வேறொருத்தி தூங்கிக்கொண்டிருந்தாள். அதே செருப்பு, அதே பெட்டி, அதே வெயில்.

அண்ணன் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“வேணாம்ப்பா. அழிச்சுடுங்க.”

“ஏன்டா, நல்லாத்தான…”

“ரொம்ப நல்லா இருக்கு. இதுக்கும் அவங்களைக் கேக்கலையே. அழிச்சுடுங்க.”

அப்பா ஒன்றும் புரியாமல் அழித்தார். கொஞ்சம் வருத்தம்தான் அவருக்கு.

“கை நீட்டினா தொடலாம்னு சொன்னாங்களா?” என்றான் அண்ணன், டிகிரியைப் பார்க்காமல்.

“ம்.”

“மூணடி இருக்கும். அவங்க முழிச்சுக்கக் கூடாதுன்னு மூச்சைப் பிடிச்சுட்டு நின்னேன். சத்தம் வரக்கூடாதுன்னு செருப்பைக்கூட கீழேயே கழட்டி வெச்சுட்டுத்தான் ஏறினேன். ரொம்ப மரியாதையா எடுக்கிறேன்னு நினைச்சேன் டிகிரி. சத்தியமா.”

திருடனும் அப்படித்தான் ஏறுவான் என்று அவள் நாக்கு நுனி வரை வந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக அதை மென்று விழுங்கினாள். சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. அவன் காதுக்கே கேட்டுவிட்டது.

அவன் போனை எடுத்து அமைப்பாளரை அழைத்தான். ஸ்பீக்கரில் போட்டான்.

“வாபஸா? என்ன விளையாட்டா?” என்றார் அமைப்பாளர். “தெரு பொது இடம். அங்க இருக்கிறவங்களை எடுக்க யாரையும் கேக்க வேண்டியதில்ல. சட்டமே அதான்.”

“சட்டம் சரியா இருக்கும் சார். எனக்குச் சரியா இல்ல.”

“லேட் தம்பி. வேலை முன்னாலேயே முடிஞ்சதால இன்னைக்குக் காலையிலயே ஒட்டியாச்சு. பத்தும்.”

அண்ணன் போனைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டான்.

“எங்கெங்கன்னு லிஸ்ட் அனுப்புங்க சார். நாங்களே எடுத்துக்கறோம். சுவருல தொங்கவிட்ட படத்தையும் இறக்கிடுங்க.”

“இறக்கிட்டா இனி நம்ம பக்கம் உங்களுக்கு இடமில்ல. யோசிச்சுக்கங்க.”

அண்ணன் யோசிக்கத்தான் செய்தான். வெள்ளைத் துணியை ஒருமுறை திரும்பிப் பார்த்தான்.

“லிஸ்ட் அனுப்புங்க சார்.”

*

ஸ்கூட்டரில் முன்னால் வாளி, பின்னால் டிகிரி, அவள் மடியில் ஸ்பாஞ்சும் அட்டை வெட்டுகிற கத்தியும். அப்பா கடைக்குள்ளிருந்து ஓடிவந்து ஒரு பாட்டில் வெந்நீரையும் கொடுத்தார். “பசைக்கு வெந்நீர்தான் கேக்கும்.”

முதலில் ஆஸ்பத்திரி ஸ்டாப்பு. டிகிரி இறங்கியதும் சுற்றிலும் பார்த்தாள். வெள்ளைச் சீருடையில் நாலைந்து பெண்கள் சிரித்துப் பேசிக்கொண்டு நின்றார்கள். ஒவ்வொரு முகத்திலும் பாதி உடைந்த பல்லுக்காரியின் சாயல் இருக்கிறதா என்று தேடினாள். எல்லா முகத்திலும் இருக்கிற மாதிரி இருந்தது. ஒரு முகத்திலும் இல்லாத மாதிரியும் இருந்தது.

“முகத்தை முதல்ல நனை,” என்றான் அண்ணன். “ஓரத்துல இருந்து இழுத்தா நடுவுல கிழிஞ்சுடும்.”

“கிழிஞ்சா என்ன? கிழிக்கத்தான வந்திருக்கோம்?”

“கிழிய வேணாம்.”

அவன் கத்தியை மெதுவாகச் செலுத்தி, தூங்குகிற குழந்தையைத் தொட்டிலிலிருந்து தூக்குகிற மாதிரி முழுசாக எடுத்தான். டிகிரி மடித்துப் பைக்குள் வைத்தாள்.

நாலாவது ஸ்டாப்பில் கூடையோடு நின்ற ஒரு பெண்மணி குறுக்கே வந்தார். “ஏம்மா எடுக்கிறீங்க? நல்ல படமாச்சே. காலையில பார்த்து எனக்கு மனசே சரியில்ல.”

“அப்புறம் என்ன பண்ணீங்க?” என்றாள் டிகிரி.

“எங்க? பஸ் வந்துடுச்சு.”

காலையில், ஊர் பார்த்து வெட்கப்படட்டும் என்று கத்தியது டிகிரிக்கு ஞாபகம் வந்தது. ஸ்பாஞ்சை இன்னும் அழுத்தித் தேய்த்தாள்.

ஒன்பது எடுத்தார்கள். விரல் நுனிகள் வெந்து சுருங்கிவிட்டன. பத்தாவது, பஸ் நிலையத்தைத் தாண்டிய திருப்பத்தில். அங்கே போஸ்டர் இல்லை. போஸ்டர் இருந்த இடம் இருந்தது. நீள்சதுரமாக ஈரப் பசை. ஓரத்தில் ஒரு துணுக்குக் காகிதம்கூடக் கிழிந்து ஒட்டிக்கொண்டிருக்கவில்லை.

“காத்துல போயிருக்கும்,” என்றாள் டிகிரி.

அண்ணன் ஈரத்தைத் தொட்டுப் பார்த்தான். “காத்து இப்படி எடுக்காது. யாரோ நனைச்சு, நின்னு, நிதானமா எடுத்திருக்காங்க.”

*

நாலரைக்குப் படிக்கட்டுக்குத் திரும்பினார்கள். அக்கா அதே நாலாவது படியில், சுவரில் முதுகை ஒட்டி, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கண்கள் சிவந்திருந்தன.

அண்ணன் முதல் படிக்குக் கீழேயே நின்றுவிட்டான்.

“ஒன்பது எடுத்துட்டோம்க்கா,” என்றாள் டிகிரி. “கண்காட்சியிலயும் இருக்காது. பத்தாவது…”

“பத்தாவது அங்க இல்ல,” என்றான் அண்ணன். “யாரோ முழுசா எடுத்துட்டுப் போயிருக்காங்க. யாருன்னு தெரியல.”

அக்கா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். “நீதானா அது?”

“ஆமாக்கா.”

“செருப்புச் சத்தமே கேக்கலையே எனக்கு.”

“கழட்டிட்டு ஏறினேன்.”

அவள் தலையை மட்டும் அசைத்தாள்.

“மன்னிச்சுடுங்கக்கா.”

“மன்னிச்சுட்டேன்னு சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொல்லிடலாம்.” அக்கா கொட்டாவியை அடக்கினாள். “தூக்கம் வரமாட்டேங்குது தம்பி. ரெண்டு மணியிலிருந்து கண்ணை மூடுறேன், திறக்கிறேன். மூடினா ரெண்டாவது படியில யாரோ நிக்கிற மாதிரியே இருக்கு. இனிமே ராத்திரி முழுக்க வேற பெஞ்சு பெஞ்சா மாறணும்.”

அண்ணனின் முகத்தில் ஈயாடவில்லை. டிகிரி ஆறாவது படிக்கு ஏறி, அக்காவின் தலைமாட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

“நீங்க படுங்க. நான் முழிச்சிருக்கேன்.”

“நீயா?”

“ஒரு மணி நேரம். ஒருத்தரும் கிட்ட வரமாட்டாங்க. என் வாயைப் பத்தி எங்க தெருவுல விசாரிச்சுப் பாருங்க.”

“அது எனக்குத் தெரியும்,” என்றான் அண்ணன் கீழேயிருந்து.

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. டிகிரியைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள். பிறகு செருப்புகளை ஒன்றன் மேல் ஒன்றாக வைத்தாள். போனை எடுத்து டிகிரியின் கையில் கொடுத்தாள். “அஞ்சே முக்காலுக்கு எழுப்பு. அஞ்சு அம்பது வண்டிக்கு நான் பெஞ்சுல இருக்கணும்.”

படுத்தாள். அண்ணன் முதல் படியில், தெருவைப் பார்த்து, அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான். வெயில் சாய்ந்து படியில் ஏறியது. எந்த நேரத்தில் எந்தக் கன்னத்தில் விழும் என்று அவனுக்குத் தெரியும். அவன் கழுத்து ஒரு நூல்கூடத் திரும்பவில்லை.

பத்து நிமிடம் கழித்து அக்காவின் வாய் லேசாகத் திறந்தது. மூச்சு சீரானது. டிகிரி அசையாமல் இருந்தாள். கால் மரத்துப்போயும் அசையவில்லை. யாரோ ஒருவர் படிப்பக்கம் ஒதுங்க வந்தார். டிகிரி பார்த்த பார்வையில் அப்படியே திரும்பிப் போனார்.

ஐந்து மணிக்குப் போன் அதிர்ந்தது.

திரையில் ‘குட்டி’ என்று இருந்தது.

இன்று வியாழக்கிழமை.

அதிர்ந்து, நின்றது. டிகிரி மூச்சு விடுவதற்குள் மறுபடி அதிர்ந்தது. எடுத்துத் தானே ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம். அணைத்துவிடலாம். இரண்டுமே அவள் செய்ய வேண்டிய காரியம் இல்லை.

“அக்கா… அக்கா. உங்க பொண்ணு.”

அக்கா திடுக்கிட்டு எழுந்தாள். பெயரைப் பார்த்தாள். தொண்டையைக் கனைத்தாள், முடியை ஒதுக்கினாள், போனைக் காதில் வைத்தாள். “சொல்லுடி குட்டி! இப்பதான் சமையலை முடிச்சுட்டு உக்காந்தேன். என்ன இன்னைக்கு…”

மறுமுனையில் பஸ் இரைச்சல் மட்டும். பிறகு ஒரு சின்னக் குரல். பழைய போன், டிகிரிக்கும் கேட்டது.

“சமையல்னு சொல்லாதம்மா. நீ தூங்கி எழுந்த குரல்ல பேசற.”

அக்கா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

“உன் பக்கத்துலயே படுத்து வளர்ந்தவ நான். நீ தூங்குற மூஞ்சி எனக்குத் தெரியாதா? என் கையில இருக்கும்மா அந்தப் படம். சுருட்டி வெச்சிருக்கேன்.” மூக்கை உறிஞ்சும் சத்தம். “அந்தப் படி எங்க இருக்கு? சொல்லு. நான் வரேன்.”

அக்கா போனை உள்ளங்கையால் மூடினாள். பெட்டியைப் பார்த்தாள். செருப்பைப் பார்த்தாள். டிகிரியைப் பார்த்தாள். கன்னம் இரண்டும் நனைந்துகொண்டே இருந்தன. துடைக்க வேண்டும் என்பதே அவளுக்குத் தோன்றவில்லை.

கீழே, தெருவைப் பார்த்தபடியே அண்ணன் கேட்டான். “திரும்பலாமாக்கா?”

“வேணாம் தம்பி,” என்றாள். “இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே இரு.”